செல்போனுக்குள் ஒரு பரிசு அட்டை

"எந்நேரமும் செல்லை நோண்டிக்கிட்டே இருந்தா மூளை மழுங்கிப் போயிரும்ல!" என்பார் ஆச்சி. "கண்ணு ரெண்டும் போகப் போகுது பாரு" என்பார் அம்மா. அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். போனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், திண்ணையில் உட்கார்ந்து அவரே அதில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பார். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை என்று கரிசல்காட்டில் எந்த ஊர் வீட்டுக்குப் போனாலும் இதுதான் நடக்கிறது.

பிள்ளைகளே, இவர்கள் சொல்வது சரிதானா என்று கொஞ்சம் துருவிப் பார்ப்போம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆச்சி சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. அம்மா சொன்னதில் நிறைய உண்மை இருக்கிறது. அப்பாவைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை.

ஆட்டம் ஆடும்போது மண்டைக்குள் என்ன நடக்கிறது? 1998-ல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் எட்டுப் பேரை 'பெட் ஸ்கேன்' என்ற கருவிக்குள் படுக்கவைத்து, ஒரு வீடியோ கேம் ஆடச் சொன்னார்கள். டாங்கி ஓட்டிக்கொண்டு போய்க் கொடிகளைப் பொறுக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். அவர்கள் ஆட ஆட, மூளையின் ஆழத்தில் டோபமின் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சுரந்தது. நன்றாக ஆடியவர்களுக்கு இன்னும் அதிகமாகச் சுரந்தது. வீடியோ கேம் மூளையின் வேதியியலைத் தொடுகிறது என்று கண்ணால் கண்டது போலக் காட்டிய முதல் சோதனைகளில் இது ஒன்று.

டோபமினை 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று பத்திரிகைகளில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை, ஏனென்றால் அதன் உண்மையான வேலை வேறு. அதைக் கண்டுபிடித்தவை சில குரங்குகள் என்றுகூடச் சொல்லலாம். வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழும்படி செய்து, அப்போது டோபமின் செல்கள் என்ன செய்கின்றன என்று கவனித்தார். சாறு விழுந்ததும் செல்கள் படபடவென்று துடித்தன. இது யாரும் எதிர்பார்ப்பதுதான். அடுத்து, சாறு வருவதற்குச் சற்று முன்னால் ஒரு விளக்கை எரியவிட்டார். சில நாளில் குரங்குக்கு அது பழகிவிட்டது. பழகிய பிறகு விளக்கு எரிந்ததுமே செல்கள் துடித்தன. சாறு வாயில் விழும்போது அவை சும்மா இருந்தன! விளக்கு எரிந்து சாறு வராவிட்டாலோ, வழக்கமாக இருக்கும் துடிப்பும் அடங்கிப்போனது. ஆக, டோபமின் துடிப்பது கையில் கிடைத்த மிட்டாய்க்காக இல்லை. 'வரப் போகுது, வரப் போகுது' என்ற எதிர்பார்ப்புக்காகவும், எதிர்பாராமல் வந்து விழும் லாபத்துக்காகவும்தான் அது துடிக்கிறது.

2003-ல் ஷுல்ட்ஸின் குழு இன்னொரு கேள்வி கேட்டது. விளக்கு எரிந்தால் சாறு வரலாம், வராமலும் போகலாம் என்று வைத்தால் என்ன ஆகும்? சில தடவை நிச்சயமாக வரும்படி வைத்தார்கள், சில தடவை வரவே வராதபடி வைத்தார்கள், சில தடவை பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்தார்கள். விளக்கு எரிந்ததிலிருந்து முடிவு தெரியும்வரை காத்திருக்கும் அந்த நேரத்தில், செல்கள் அதிகமாகக் கொதித்துக்கொண்டிருந்தது எப்போது தெரியுமா? பாதிக்குப் பாதி வைத்தபோதுதான்.

இதைச் சோதிக்க உங்களுக்குக் குரங்கு வேண்டாம், பள்ளிக்கூடத்து வாசல் பெட்டிக்கடைக்குப் போனால் போதும். அங்கே ஒரு பரிசு அட்டை தொங்கும். மேலே ஒரு வாட்ச், ஒரு பொம்மைக் கார், ஒரு கிரிக்கெட் மட்டை என்று படம் போட்டிருக்கும். கீழே வரிசை வரிசையாக மடித்து ஒட்டிய துண்டுச் சீட்டுகள். காசு கொடுத்து ஒன்றைக் கிழித்தால் உள்ளே ஒரு எண் இருக்கும், அந்த எண்ணுக்கு உரிய பரிசு கிடைக்கும். பெரும்பாலும் ஒரு பபிள்கம்மோ பிளாஸ்டிக் மோதிரமோ வரும். கிழிக்கிற அந்த ஒரு நொடியில் நெஞ்சு திக்திக் என்று அடிக்கிறதே, அப்போதுதான் உங்கள் டோபமின் செல்கள் குரங்கின் செல்களைப் போலக் கொதிக்கின்றன. பபிள்கம் வந்ததும் கொதிப்பு அடங்கிவிடும், உடனே இன்னொரு சீட்டு கிழிக்கத் தோன்றும். அந்த வாட்ச் யாருக்காவது விழுந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இப்போது செல்போனை எடுங்கள். துப்பாக்கி கேமில் பெட்டி திறக்கிறோம். சக்கரம் சுற்றுகிறோம். டயமண்ட் சேர்க்கிறோம். எப்போது நல்ல ஸ்கின் விழும், எப்போது ஜெயித்து 'பூயா' வரும் என்று தெரியாது. ஐந்து ஆட்டம் தோற்று ஆறாவதில் ஜெயித்தால் ஏழாவதை ஆடாமல் போனைக் கீழே வைக்க மனசு வருமா? பி.எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் பல பத்தாண்டுகளுக்கு முன்னால் புறாக்களிடம் இதைப் பார்த்தார். பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். இத்தனை கொத்துக்கு ஒரு தடவை என்று கணக்காகப் பெற்ற புறா, தானியம் கிடைத்ததும் சற்று ஓய்வெடுத்தது. எப்போது விழும் என்று தெரியாத புறாவோ ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது. கேம் செய்கிறவர்கள் ஸ்கின்னரைப் படித்தவர்கள். ஆட்டக்காரர் எந்த இடத்தில் சலித்துப்போய் வெளியேறுகிறார், எதைக் காட்டினால் திரும்ப வருகிறார் என்று கணக்குப் பார்த்துத்தான் ஆட்டத்தை அமைக்கிறார்கள். ஆகவே "ஒரே ஒரு ஆட்டம்மா!" என்று கெஞ்சும்போது நீங்கள் கெட்ட பிள்ளை ஆகிவிடவில்லை. உங்களைவிட வயதிலும் படிப்பிலும் பெரிய ஒரு கூட்டம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து உங்களோடு ஆடிக்கொண்டிருக்கிறது. அது திரையில் தெரிவதில்லை.

பெரியவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதில்லை. பரிசு அட்டையின் அண்ணன்தான் லாட்டரிச் சீட்டு. குடும்பங்கள் அதனால் நொடித்துப்போவதைப் பார்த்துத்தான் தமிழ்நாட்டில் 2003-ல் அதைத் தடை செய்தார்கள். காசு கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் திறக்கிற கேம் பெட்டிகளைச் சூதாட்டக் கணக்கில் சேர்த்தது பெல்ஜியம் நாடு, 2018-ல். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 18 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆடக் கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை யாருமே உள்ளே நுழைய முடியாது என்று தமிழ்நாடு 2025-ல் விதி போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடு முழுக்கப் பண ஆட்டங்களைத் தடுக்கும் மத்தியச் சட்டமும் வந்தது. அப்பா நம்பரை வைத்து, அவருக்குத் தெரியாமல் டயமண்ட் வாங்குகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கலாம்.

சரி, மூளைக்கு நல்லது எதுவுமே நடக்காதா? நடக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை.

அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷான் கிரீன் என்ற மாணவர் இருந்தார். பார்வைக் கவனத்தை அளக்க ஒரு கணினிச் சோதனை தயாரித்துக்கொண்டிருந்தார். தானே செய்து பார்த்தால் மதிப்பெண் எக்கச்சக்கமாக வருகிறது! சோதனைதான் தப்போ என்று நண்பர்களிடம் கொடுத்தார். அவர்களும் அப்படியே. சோதனையில் தப்பு இல்லை. அவரும் நண்பர்களும் சண்டை கேம் பைத்தியங்கள், அதுதான் காரணம். பிறகு கேமே ஆடாத சிலரைப் பிடித்து, தினம் ஒரு மணி நேரம் வீதம் 10 நாள் சண்டை கேம் ஆடவைத்தார்கள். இன்னொரு கூட்டத்தை அதே நேரம், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் ஆடவைத்தார்கள். ஒரே சமயத்தில் திரையின் பல மூலைகளைக் கவனிக்கும் திறமை சண்டை கேம் கூட்டத்துக்கு அதிகமாக வளர்ந்திருந்தது. ஷான் கிரீனும் அவருடைய பேராசிரியை டாஃப்னி பாவெலியரும் 2003-ல் இதை வெளியிட்டார்கள். 'தினம் ஒரு மணி நேரம்' என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

வயிற்றில் சின்னத் துளை போட்டு, டிவி திரையைப் பார்த்தபடியே அறுவைச் சிகிச்சை செய்கிற டாக்டர்கள் உண்டல்லவா? அவர்களில் 33 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2007-ல் வந்தது. முன்னொரு காலத்தில் வாரம் 3 மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் ஆடியவர்கள், ஆடாதவர்களைவிடப் பயிற்சியில் 37 சதவீதம் குறைவாகத் தப்புச் செய்தார்கள். இதிலும் 'வாரம்' என்பதைக் கவனியுங்கள். அது மட்டும் போதாது, இன்னொரு சந்தேகமும் வர வேண்டும். கேம் ஆடியதால் கை சுத்தமாயிற்றா, கை சுத்தமான ஆள் என்பதால் கேம் பிடித்ததா? இந்த ஆய்வை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஷான் கிரீன் செய்த மாதிரி, ஆடாதவர்களை ஆடவைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். இந்த ஒரு சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொண்டால், வாட்ஸ்அப்பில் 'ஆய்வு சொல்கிறது' என்று வரும் முக்கால்வாசிச் செய்திகளை நீங்களே எடைபோடலாம். 'துப்பாக்கி கேம் ஆடினால் கொலைகாரன் ஆகிவிடுவான்' என்பதும் அப்படி ஒரு செய்திதான். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, கத்துவது, தள்ளிவிடுவது போன்ற சின்ன முரட்டுத்தனத்தோடு கொஞ்சம் தொடர்பு தெரிகிறது, பெரிய வன்முறைக்கு அதைக் காரணமாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அந்தக் கதையை அதோடு விடலாம்.

திரையில் வளரும் கவனம் மைதானத்துக்குப் போதுமா? கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத உட்கார்ந்துவிட்டு ஹாக்கியை விட முடியுமா? கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. இந்த ஊர்க்காரர் மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து இங்கே விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்த கார்த்தியும் 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள், வெண்கலத்தோடு திரும்பினார்கள். பாகிஸ்தானோடு நடந்த முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார்.

ஒரு கணக்குப் போடுவோம். கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்தின் ஆரம் 14.63 மீட்டர். அதன் விளிம்பிலிருந்து ஒருவர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பந்தை விடுகிறார். நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர். அப்படியானால் கோல்கீப்பருக்குக் கிடைப்பது அரை நொடி. பந்து கண்ணில் பட்டு, மூளைக்குப் போய், 'நகரு' என்ற உத்தரவு தசைக்கு வந்து சேரவே ஏறக்குறைய 0.2 நொடி ஆகிவிடும். மீதி 0.3 நொடியில் அத்தனை கனமான கால் காப்பைத் தூக்கிக்கொண்டு பாய வேண்டும். செல்போன் ஆட்டம் பார்வைக் கவனத்தைக் கூர்மையாக்கலாம். ஆனால் எடையை எந்தக் காலில் வைப்பது, குனிந்த முதுகோடு எப்படித் திரும்புவது, மட்டையில் பந்து பட்ட அதிர்வை வைத்து அடி சரியாக விழுந்ததா என்று எப்படிக் கண்டுகொள்வது, இதையெல்லாம் சொல்லிக் கொடுக்காது. திரையில் பீரங்கியைத் தூக்கினாலும் பலாப்பழத்தை வெட்டினாலும் விரலுக்குத் தெரிவது ஒரே வழவழப்பான கண்ணாடிதான். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கு நுனியைத் தொடுங்கள். தொட்டுவிட்டீர்களா? கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே அறியும் அந்த உணர்வு, ஓடி, விழுந்து, முட்டி பேர்ந்து வளர்கிற உணர்வு. செல்லாங்குச்சி ஆடினாலும் வளரும், சடுகுடு ஆடினாலும் வளரும்.

இப்போது அம்மா சொன்ன கண்ணுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் டோபமின் இங்கே மறுபடி வருகிறது, வேறு வேஷத்தில்.

பிறந்த குழந்தையின் கண்விழி முன்னிருந்து பின்வரை சுமார் 17 மில்லிமீட்டர் இருக்கும். பெரியவர்களுக்குச் சுமார் 24. நீங்கள் வளர வளர விழியும் வளர்கிறது. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தாமல் இன்னும் ஒரு மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் போயிற்று. பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும், கரும்பலகை கலங்கலாகத் தெரியும். இதுதான் கிட்டப்பார்வை. அந்த ஒரு மில்லிமீட்டருக்கே இரண்டரைக்கு மேல் பவர் கண்ணாடி போட வேண்டியிருக்கும்.

விழிக்கு 'போதும், நிறுத்து' என்று யார் சொல்வது? கோழிக்குஞ்சுகளை வைத்துப் பார்த்தார்கள். மங்கலாகத் தெரியும்படி கண்ணை மறைத்தால் குஞ்சின் விழி நீண்டுகொண்டே போனது. நல்ல வெளிச்சத்தில் விட்டால் அந்த வளர்ச்சி மட்டுப்பட்டது. வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் டோபமின் சுரக்கிறது. டோபமின் வேலை செய்யாதபடி மருந்து போட்டுவிட்டால், எவ்வளவு வெளிச்சம் காட்டினாலும் பலன் இல்லை. மனிதக் கண்ணிலும் இதுதான் நடக்கிறது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். மூளையில் 'இன்னும் ஒரு ஆட்டம்' என்று தூண்டும் அதே பொருள், கண்ணில் 'வளர்ந்தது போதும்' என்று அடக்குகிறது!

சீனாவில் குவாங்சோ நகரத்தில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விளையாட நேரம் விட்டார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல இருந்த பள்ளிகளில் சுமார் 40 சதவீதப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் சுமார் 30 சதவீதம். கண்ணாடி இல்லை, சொட்டு மருந்து இல்லை, 40 நிமிட வெயில்தான்.

நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? மானாவாரிக்காரர்கள் வானத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்குவது மழைக்குத்தான். வெயில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்து கொட்டும். வீட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். வெளியே உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ். அதற்காகச் சித்திரை மாதம் பட்டப்பகலில் காட்டில் போய் நிற்க வேண்டாம், மயங்கி விழுவீர்கள். வேப்பமர நிழலில்கூட வீட்டுக்குள் இருப்பதைப் போலப் பல மடங்கு வெளிச்சம் இருக்கிறது. சாயங்காலம் நான்கு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் பொழுது சாயும்வரை வெளியே கிடந்தாலே தாராளம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணுக்கு நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற பூமி இது. ஆடிக் காற்று புழுதியை வாரி இறைக்கும், மழை மட்டும் பெய்யாது. ஐப்பசி பிறந்தால்தான் ஈரம். குச்சியும் மருந்தும் சீக்கிரம் காயும் என்பதால் தீப்பெட்டித் தொழிலுக்கு இந்த வறண்ட காற்று தோதாக இருந்தது. குச்சியை உலர்த்துகிற காற்று கண்ணை விடுமா? நிமிடத்துக்கு 15, 20 தடவை நாம் கண் சிமிட்டுகிறோம். ஒவ்வொரு சிமிட்டலும் கண்ணீரை மெல்லிய படலமாகப் பூசிவிடுகிறது. திரையை உற்றுப் பார்க்கும்போது சிமிட்டல் பாதிக்கும் கீழே போய்விடும். நம்பிக்கை இல்லையென்றால், நீங்கள் கேம் ஆடும்போது தங்கச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். அவள் எண்ணுகிறாள் என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் வேண்டுமென்றே சிமிட்டுவீர்கள். கண் உறுத்துவதும் சிவப்பதும் 'செல் வெளிச்சம் கண்ணைச் சுடுவதால்' என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் சிமிட்ட மறந்ததுதான் காரணம்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை. 2000-ல் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் என்ற விஞ்ஞானி சிலரை டெட்ரிஸ் ஆடவைத்தார். படுத்துக் கண்ணயரும்போது பலருக்குக் கட்டைகள் மேலிருந்து விழுவது தெரிந்தது. அவர்களில் சிலர் நினைவாற்றல் இழந்த நோயாளிகள். டெட்ரிஸ் ஆடியதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை. அப்படியும் அவர்களில் சிலருக்கும் கட்டைகள் விழுந்தன! பகலில் அதிகம் செய்ததைத் தூங்கும் மூளை எடுத்துப் புரட்டிப் பார்க்கிறது, வேண்டியதைப் பத்திரப்படுத்துகிறது. படித்த பாடமும் அப்படித்தான் தங்குகிறது. ராத்திரி 11 மணிவரை போர்வைக்குள் பூயா, காலை 6 மணிக்கு டியூஷன் என்றால் மூளை எப்போது புரட்டும்? 12 வயதுவரை 9 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும், அதற்கு மேல் 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. கேம் மூளையைத் தின்றது என்று நாம் திட்டுகிறோமே, அதில் ஒரு பங்கு உண்மையில் தூக்கம் கெட்டதன் கணக்கில் எழுத வேண்டியது.

விடுமுறையில் நாள் முழுக்க ஆடினால் அது வியாதியா? இல்லை. 'கேமிங் குறைபாடு' என்று ஒரு நோயை உலக சுகாதார அமைப்பு 2019-ல் தன் பட்டியலில் சேர்த்தது, 2022 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை, சாப்பாடு, படிப்பு, சேக்காளிகள் எல்லாவற்றையும்விட ஆட்டம் பெரிதாகிவிட்டது, கெடுதல் என்று தெரிந்தும் விட முடியவில்லை. இப்படிச் சுமார் ஒரு வருஷம் தொடர்ந்தால்தான் அந்தப் பெயர் வைக்கிறார்கள். இதுபோன்ற பழக்கங்களுக்காகப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளும் பேசலாம்.

பெரியவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்தது யார்? 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடின. எட்டாம் வகுப்புவரை படித்தவர்களுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றரை வருஷத்துக்கு மேல் போன்தான் பள்ளிக்கூடம். ஆன்லைன் கிளாஸ் முடிந்தது, போன் மட்டும் கையிலேயே தங்கிவிட்டது. இதே கரிசல் பூமியில் 1980-களில் விடிவதற்கு முன்னாலேயே ஊர் ஊராக வேன் வந்து, பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிப்போனது. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள் தேவைப்பட்டன. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, பள்ளியில் சத்துணவும் சேர்ந்து, மெல்ல மெல்ல அந்தப் பிள்ளைகள் வகுப்பறைக்கு வந்தார்கள். தீப்பெட்டி ஆபீசும் செல்போன் கேமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் பகல் நேரத்தைச் சண்டை போட்டு மீட்டெடுத்த ஊர்கள் இவை. அந்த நேரத்துக்கு இன்று வேறொருவர் விலை பேசும்போது, தெருமுனையில் பிள்ளைகள் ஆட ஒரு காலி இடமாவது விட்டுவைத்திருக்கிறோமா என்று கேட்கிறேன், அவ்வளவுதான். மைதானம் இல்லாத ஊரில் 'வெளியே போய் விளையாடு' என்று சொல்வது எளிது.

செய்து பாருங்கள்

பிள்ளைகளே, இனி வேலை உங்களுடையது. தேவை ஒரு 30 சென்டிமீட்டர் ஸ்கேலும் ஒரு சேக்காளியும்.

சேக்காளி ஸ்கேலின் மேல்முனையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும், 0 கீழே இருக்க வேண்டும். உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் 0-வுக்கு நேராக, ஸ்கேலைத் தொடாமல் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் அவர் ஸ்கேலை விடுவார். நீங்கள் பிடிக்க வேண்டும். விரல் பிடித்த இடத்தில் என்ன எண்? 10 சென்டிமீட்டர் என்றால் உங்கள் மூளை எடுத்துக்கொண்ட நேரம் 0.14 நொடி. 15 என்றால் 0.17. 20 என்றால் 0.20. 25 என்றால் 0.23. பூமியின் ஈர்ப்பு விசை ஸ்கேலையே கடிகாரமாக்கிவிட்டது. எப்படி என்று பத்தாம் வகுப்பு அக்கா, அண்ணன்களிடம் கேளுங்கள்.

ஒரு தடவை பிடித்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. பத்துத் தடவை பிடித்துச் சராசரி எடுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் ஒரு கணக்கு, அரை மணி நேரம் கேம் ஆடிய உடனே ஒரு கணக்கு, சாயங்காலம் வெளியே ஓடியாடிவிட்டு வந்ததும் ஒரு கணக்கு என்று நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். மூன்று நேரமும் ஒரே ஆள்தான் ஸ்கேலை விட வேண்டும். ஆளுக்கு ஆள் விடுகிற தந்திரம் மாறும். என்ன வரும் என்று நான் முன்கூட்டியே சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் அதற்குத் தகுந்த மாதிரி பிடிப்பீர்கள். 30 சென்டிமீட்டரும் விரலிடுக்கில் வழுக்கிக் கீழே விழுந்துவிடுகிறது என்கிறவர்கள், டீச்சரிடம் கேட்டு மீட்டர் ஸ்கேல் வாங்கிக்கொள்ளலாம்.